மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்

செட்டிநாட்டுக்குப் பயணிகளை அழைத்துவரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் பிறந்து வளர்ந்து, இங்கேயே குடும்பத்தோடு இருப்பவன் நான். வெளியூர் நண்பர்களையும் அவர்கள் அனுப்பிவைக்கும் ஆட்களையும் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு நடப்பது எனக்குப் பிடித்த வேலை. இதில் எனக்கு வருமானம் எதுவும் கிடையாது. உங்கள் தொழிலுக்குப் போட்டியாக வந்தவனும் இல்லை. உங்கள் கையில் இருக்கிற ஒரு விஷயத்தை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் பயணத் திட்டங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் செட்டிநாடு ஒரு மதியம். காலையில் மதுரையில் கிளம்பி, பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, உச்சி வெயிலில் கானாடுகாத்தானில் இறக்கிவிடுகிறீர்கள். 1912-ல் கட்டிய அரண்மனையின் முன்னால் நின்று படம். பக்கத்தில் திறந்திருக்கும் ஒரு வீட்டுக்குள் கொஞ்ச நேரம். அப்புறம் வாழை இலைச் சாப்பாடு. ஆத்தங்குடியில் ஓடு செய்வதை எட்டிப் பார்த்துவிட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை. விளக்கு வைப்பதற்குள் வண்டி தஞ்சாவூர்ப் பாதையில் போய்க்கொண்டிருக்கும். இவ்வளவிலும் வந்தவர்கள் ஒரே ஒரு தெருவைக்கூட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்திருக்க மாட்டார்கள். ஊர்க்காரர் ஒருவரிடம்கூட வாய்விட்டுப் பேசியிருக்க மாட்டார்கள்.

நான் கேட்பது இதுதான்: ஒரு இரவு தங்க வையுங்கள். வந்த அன்று மாலை ஒரு நடை, மறுநாள் விடிந்ததும் ஒரு நடை. நடுவில் இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம். அவ்வளவு போதும். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. இதை வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு யாராலும் விளங்கவைக்க முடியாது. முன்தெருவில் முகப்பும் திண்ணையும். அதைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண் வரிசையோடு தாழ்வாரம், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு இரட்டை அறை. அதையும் தாண்டி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணறு, கடைசியில் பின்வாசல். முன்வாசலில் நின்று பார்த்தால் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்து, பின்வாசல் வெளிச்சம் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். நூறு அடிக்கு மேல் நீளமான வீடுகள் இங்கே சாதாரணம்.

அதனால் இங்குள்ள பல தெருக்களில் ஒரு பக்கம் முகப்புகளும் எதிர்ப்பக்கம் இன்னொரு வரிசை வீடுகளின் முதுகுகளுமாக இருக்கும். முகப்புப் பக்கத்தில் கஜலட்சுமி, துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய், இலையும் பூவுமாக இழைத்த தேக்கு நிலை. எதிர்ப்பக்கத்தில் காரை உதிர்ந்த நெடுஞ்சுவர், குனிந்து நுழையும்படி ஒரு கதவு, அதன் ஓரத்தில் யாரும் தூக்கிப்போக மனம் வராமல் விட்டுவைத்த ஆட்டுக்கல். உங்கள் பயணிகள் பார்ப்பது முகப்பு மட்டும். அந்த வீட்டில் சமைத்தவர்கள், தண்ணீர் சேந்தியவர்கள், விறகு கொண்டுவந்து போட்டவர்கள் எல்லோரும் புழங்கியது பின்கட்டில். அந்த வீட்டின் உழைப்பு முழுவதும் அங்கேதான் நடந்தது. பின்தெருவில் நடக்காமல் செட்டிநாட்டைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், பாதிதான் பார்த்திருக்கிறார் என்பேன்.

அந்தக் காரை உதிர்ந்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். பூச்சு அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் சொரசொரப்பான சுண்ணாம்புக் காரை, மேலே போகப்போக நைசாகி, கடைசி அடுக்கு பளிங்கு மாதிரி இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்த பூச்சு அது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் வெயில் நேரத்திலும் குளிர்ந்திருக்கும். பெரிய வீட்டுக்குள் வழிகாட்டி வாயால் சொல்லும் இந்தச் செய்தியை, பின்தெருச் சுவரில் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

தண்ணீரும் அப்படித்தான். இது வானம் பார்த்த பூமி. ஆறு கிடையாது, மழையை நம்பித்தான் பிழைப்பு. ஓட்டுக் கூரையில் விழுகிற மழை முற்றத்துக்கு இறங்கி, அங்கிருந்து கிணற்றுக்கோ தெரு வாய்க்காலுக்கோ போய், கடைசியில் ஊர்ப் பொதுக்குளமான ஊருணியில் சேரும்படி ஊரையே திட்டம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தெருக்கள் நேர்நேராக, கட்டம் போட்டது போல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழை ஓடுகிற வழியிலேயே ஒருவரை நடத்திக் கூட்டிப்போய், செம்பூரான்கல் படிகள் இறங்கும் ஊருணிக் கரையில் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். இத்தாலிப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் கண்டு வியந்தவர், அப்போதுதான் இந்த ஊரைக் கட்டியவர்களின் புத்தியைக் கண்டு வியப்பார். சில ஊர்களில் ஊருணியைப் பாழாக விட்டுவிட்டார்கள், அதுவும் உண்மை. வெளியூர்க்காரர்கள் வந்து நின்று பார்க்கிற ஊருணியில் குப்பை கொட்ட, கொட்டுகிறவருக்கே கொஞ்சம் கூசும் என்று நம்புகிறேன்.

சரி, இத்தனை பெரிய வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன? வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. உங்களோடு வரும் வழிகாட்டிகள் பலர் "பெரிய பணக்காரர்கள், எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பங்கள் பர்மா, மலேயா, இலங்கை, வியட்நாம் என்று போய் லேவாதேவி செய்தார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்த இளைஞர்கள் மூன்று வருடக் கணக்குக்குக் கடல் கடந்து போனார்கள். பெண்டுபிள்ளைகள் இந்த வீடுகளில் காத்திருந்தார்கள். 1930-ஐ ஒட்டி உலகம் முழுக்க வந்த மந்தத்தில் பர்மாவில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் இவர்கள் கைக்கு வந்தன. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய வலி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்புறம் 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அந்தச் சமயத்தில் பர்மாவிலிருந்த இந்தியர்களில் லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் அசாம் மலைகள் வழியாகவும் கால்நடையாகத் திரும்பினார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1948-ல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு மிச்சமிருந்ததும் போனது.

இந்த வீடுகளின் தேக்கு வந்ததும் பர்மாவிலிருந்துதான், இவை பூட்டப்பட்டதில் பெரும்பங்கும் பர்மாவுக்குத்தான். இதைத் தெரிந்துகொண்டு ஒரு வளவில் நிற்பதும், தெரியாமல் நின்று படம் எடுப்பதும் ஒன்றாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூட்டிய வீடுகள் கைவிட்ட வீடுகள் அல்ல. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது, அதற்கு மேலும் பங்காளிகள் இருப்பார்கள். சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறி இருப்பார்கள். ஆனால் ஒரு கல்யாணம், ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம்), முன்னோருக்கு ஒரு படைப்பு என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள். கார்த்திகை தீபம் முடிந்து இருபத்தொன்றாம் நாள் பிள்ளையார் நோன்புக்கு, திரி ஏற்றிய மாவை வாயில் போட்டு இழை எடுக்கிறபோது பூட்டிக் கிடந்த வீடுகள் பலவற்றில் விளக்கு எரியும். அந்த நாட்களில் கதவு திறந்திருக்கிறதே என்று உங்கள் ஆட்கள் திமுதிமுவென்று உள்ளே போய்விடுகிறார்கள். ஒரு முறை ஒரு வீட்டில் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு சுற்றுலாக் குழு முற்றத்துக்குள் வந்து நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தேன். சாமி அறை வாசல் வரைக்கும் செருப்போடு வந்துவிட்டார்கள். அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "வாங்க, சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்டார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் குறை. வண்டியில் வரும்போதே ஐந்து நிமிடம் சொல்லிவிட்டால் போதும்: வீடு பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும், செருப்பைத் திண்ணைக்குக் கீழே விட வேண்டும், இரட்டை அறைக் கதவைத் தள்ளிப் பார்க்கக் கூடாது, மனிதர்களைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். கட்டணம் வாங்குகிற வீட்டில் பேரம் பேசக் கூடாது. அந்தப் பணத்தில்தான் ஓடு மாற்றுகிறார்கள்.

பொதுவாக எல்லோரும் வந்து பார்க்கக்கூடிய விழாக்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அழைத்து வாருங்கள். பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் கண்ணுடைய நாயகி அம்மன் கோவில் முன்னால் நடக்கிற செவ்வாய்ப் பொங்கல் அப்படி ஒன்று. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளிக் கணக்கு, புள்ளிக்கு ஒரு பானை. நூற்றுக்கணக்கான பானைகள் வரிசையாகப் பொங்குவதைத் தள்ளி நின்று பார்த்தாலே போதும், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

இனி சாப்பாடு. இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

நாடு முழுக்கப் பெயர்ப்பலகைகளில் இருக்கிற "செட்டிநாடு" என்றால் சிவப்பாக, எண்ணெய் மிதக்க, கண்ணில் தண்ணீர் வரும் காரம் என்று ஆகிவிட்டது. அதையே எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அதையே மதிய விருந்தாகப் போட்டு அனுப்பிவிடுகிறோம். இருபது வகை ஒரே இலையில். நண்டு, காடை, கோலா உருண்டை, கோழி, மீன். வெயிலில் களைத்து வந்தவர் எதையும் முழுசாக ருசிக்காமல், வயிறு கனத்து, வண்டியில் ஏறித் தூங்கிவிடுகிறார். சமைத்தவர் நாக்கை அறிந்து, கை அளந்து செய்தது வீணாகிறது.

எங்கள் வீடுகளில் அன்றாடம் சமைப்பது வேறு. வெண்டைக்காய் மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துப் போட்டு, பச்சை மிளகாய் கீறிப் போட்டுச் செய்கிற குழம்பு. அரைத்துவிட்ட மசாலா கிடையாது. முற்றத்து மழையை ஊருணிக்கு அனுப்பிய அதே ஊரில் அரிசி களைந்த தண்ணீரும் வீணாகவில்லை. உப்புக்கறியிலும் அப்படித்தான் அரைப்பு வேலை இல்லை: ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய். கறியின் தண்ணீரிலேயே வேகவிட்டுச் சுருள வதக்கி எடுப்பார்கள். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் போடுகிற சமையலும் உண்டு, அவை போடுகிற இடத்தில் அளவோடு போடுவார்கள். கடல் கடந்து போன வியாபாரத்தின் தடமும் இலையில் இருக்கிறது. பர்மாவின் கறுப்பு அரிசி இங்கே கவுனி அரிசியாகி, கல்யாணப் பந்தியில் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து முதல் வரிசையில் நிற்கிறது. ரவையில் செய்கிற ரங்கூன் புட்டு இன்னொன்று. பர்மாவைப் பற்றி வழிகாட்டி சொன்னதை நாக்கில் வைத்துக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

இவற்றில் பல மதிய இலையில் வராது. அவற்றுக்கென்று நேரம் உண்டு. காலையில் இடியாப்பமும் கத்தரிக்காய் கோசமல்லியும். நாலு மணிக்கு மேல் வெள்ளைப் பணியாரம், மசாலா சீயம், கந்தரப்பம். ஆடி மாதம் என்றால் கும்மாயம். மதியம் ஒரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போகிறவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. ஒரு இரவு தங்க வையுங்கள் என்று நான் கெஞ்சுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஓர் ஆச்சி மாலையில் பணியாரம் போட்டுக் கொடுக்கிறார்கள். பலகை கிடையாது, சொல்லிவைத்தால் செய்வார்கள். அவர்கள் மாவுக்கு எடுக்கிற அளவை உங்கள் பயணிகள் பார்க்க வேண்டும். ஒரு உழக்கு நிறைய பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக நிற்கிற அளவுக்கு உளுந்து, அவ்வளவுதான் கணக்கு. இரண்டையும் சேர்த்தே ஊறவைத்து, வெண்ணெய் பதத்துக்கு ஆட்டி, உப்பும் துளி சர்க்கரையும், கொஞ்சம் பாலும் சேர்ப்பார்கள். எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை நடுவில் ஒரே சீராக ஊற்றுவார்கள். அது அடியில் போய், ஒரு மூச்சு நேரம் கழித்து மேலே வந்து, ஓரம் சுருங்கி நடு உப்பும். அப்போது கரண்டியால் எண்ணெயை அதன் தலையில் இரண்டு முறை வாரி இறைத்து, திருப்பிப் போட்டு, நிறம் மாறும் முன்னால் எடுத்துவிட வேண்டும். சிவந்தால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். அவசரப்பட்டு இரண்டு ஊற்றினால் இரண்டும் கெடும். தொட்டுக்கொள்ள வரமிளகாயும் பூண்டும் தக்காளியும் வதக்கி அரைத்த துவையல். சட்டியிலிருந்து இலைக்கு வந்த சூட்டில் பிட்டால் உள்ளே ஆவி பறக்கும். ஆறின பணியாரத்தைப் பெட்டியில் அடைத்து மதுரைக்குக் கொண்டுபோய் இந்த ருசியைக் காட்ட முடியாது.

இந்த மாதிரிக் கைகள் காரைக்குடியில், தேவகோட்டையில், பள்ளத்தூரில், கோட்டையூரில், கானாடுகாத்தானில் நிறைய இருக்கின்றன. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று கல்யாணச் சீருக்குக் கிலோக்கணக்கில் செய்து கொடுக்கும் பெண்கள். நகரத்தார் வீட்டு ஆச்சிமாரும் உண்டு, அந்த வீடுகளின் அடுப்படியில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்துக் கைப்பக்குவம் கற்ற மற்றச் சமூகத்துப் பெண்களும் உண்டு. "செட்டிநாட்டுச் சமையல்" என்று பேசும்போது இரண்டாவதாகச் சொன்னவர்களை யாரும் நினைப்பதில்லை. உங்கள் பயணிகளை ஆறேழு பேராகப் பிரித்து இவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்காரவைக்கலாம். முதல் நாளே சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து, ஆள் குறைந்தாலும் பேசிய பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். நாற்பது பேருக்கு மாவாட்டிவைத்த ஒரு வீட்டுக்கு, வண்டி வராது என்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வந்த கதையும் எங்கள் தெருவில் உண்டு. மாவு புளித்ததுதான் மிச்சம். பத்து பைசா வரவில்லை. இனிமேல் அப்படி எந்த வீட்டுக்கும் நடக்கக் கூடாது.

உணவு என்றதும் பெரிய விடுதிகளின் விருந்தை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பாழாக இருந்த வீடுகளைச் சரிசெய்து விடுதியாக்கியவர்களால்தான் சில ஊர்களில் ஓட்டு வேலையும் சுண்ணாம்பு வேலையும் தெரிந்த கொத்தனார்களுக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. அங்கேயே தங்கவையுங்கள். இரவுச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மாலைப் பலகாரத்தை மட்டும் தெருவுக்கு விடுங்கள்.

ஆத்தங்குடிக்குப் பத்து நிமிடம் போதாது. ஒரு ஓடு பிறப்பதை முதலிலிருந்து கடைசிவரை நின்று பார்க்கவிடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்துக்கு வளைத்த தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு நிறமாகச் சிமெண்ட் கரைசலை ஊற்றி, அச்சைத் தூக்குகிற அந்த நொடியில் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் கோட்டுக்குள் நிற்க வேண்டும். கை ஒரு நூல் நடுங்கினால் பூ கலங்கிவிடும். மேலே உலர்ந்த கலவை தூவி, அதற்கும் மேலே ஆத்தங்குடி மணலும் சிமெண்டும் குழைத்த சாந்தை வைத்து மட்டம் தட்டுவார்கள். சூளை கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறித்தான் இறுகும். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு அப்படியே ஓட்டில் ஏறியிருக்கும். நிறைய ஓடு வாங்கிச் சுமக்க முடியாது என்பவர்கள் இரண்டு ஓடு வாங்கினாலும் அந்தப் பட்டறைக்கு நல்லதுதான்.

முனீஸ்வரன் கோவில் தெருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எனாமல் அடுக்குச் சட்டி, பீங்கான் ஜாடி, பித்தளைத் தூக்கு, பர்மா மரப்பெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பங்காளிகள் விற்றதைத்தான் அவர்கள் விற்கிறார்கள். ஆனால் தூண், நிலை, கதவு, உத்திரம் என்று வெளியே நிறுத்திவைத்திருப்பதெல்லாம் இடித்த வீடுகளின் உடம்பு. அதற்கு வாங்குகிற ஆள் பெருகினால் அடுத்த வீட்டை இடிப்பதற்கு ஒரு காரணம் கூடுகிறது. உங்கள் பயணிகளை அந்தத் தெருவில் நடக்கவிடுங்கள், சின்னச் சாமான் வாங்கட்டும், கட்டடத்தின் பாகங்களை வாங்க ஊக்கம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது. விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு அவர் எங்கள் ஊரைத் திட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் இன்றைக்கும் கையால் செய்கிறவர்களிடம் வாங்கலாம். பனை ஓலையில் பின்னுகிற கொட்டான் என்ற கூடை இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கி இருக்கிறது, அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்டு, கை அகலக் கரையோடு வருகிற பருத்திச் சேலை. தறி ஓடுகிற இடத்துக்கே கூட்டிப் போனால், ஒரு சேலைக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு என்று தெரிந்து விலையைக் குறைத்துக் கேட்க மாட்டார்கள்.

ஒரு விஷயம் நம் தமிழ்க் குடும்பங்களைப் பற்றியது. வெளிநாட்டுக்காரர்களாவது சில பேர் இறங்கி நடக்கிறார்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேன் பிடித்து வருகிற நம் ஆட்கள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஒரு சாப்பாடு என்று திரும்பிவிடுகிறார்கள். காரைக்குடியில் கம்பன் மணிமண்டபம் இருக்கிறது, தமிழ்த்தாய்க்கு ஒரு கோவில் இருக்கிறது, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் நோட்டீசுகளும்தான் இன்றைக்குச் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அந்தக் கோட்டையூர்த் தெருவில் நடந்துகொண்டே இதைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வட்டிக்கடையும் வைரமும் மட்டும் இந்த மண்ணின் கதை இல்லை.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே சேர்ந்துவிட்டன. முழுப் பட்டியலில் எப்போது வரும் என்பது அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. அதில் சேர்த்தது தனித்தனி மாளிகைகளை இல்லை, தெருவும் ஊருணியும் கோவிலும் சேர்ந்த ஊர்க் கூட்டங்களை. ஊரை ஊராகக் காட்ட நீங்கள் அந்த முத்திரைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

திட்டம் போட உதவியாக, நான் நடக்கிற வழியைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும், ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மூன்றரை மணிக்கு ஆத்தங்குடி, ஓட்டுப் பட்டறை. ஐந்து மணிக்கு மேல் காரைக்குடி, வெயில் தாழ்ந்ததும் பழைய தெருக்களில் நடை, பணியாரம், கொப்புடை நாயகி அம்மன் கோவிலில் சாயங்கால பூஜை. இரவு தங்கல். மறுநாள் ஆறரை மணிக்கெல்லாம் கானாடுகாத்தானில் இருங்கள். பால்காரர் வருவதும், பள்ளிப் பிள்ளைகள் கிளம்புவதும், சாய்வெயில் முகப்புச் சிற்பங்களில் விழுவதும் அந்த நேரத்தில்தான். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்களிடம் "வீட்டுக்குள்ளே பார்க்கலாமா" என்று கேட்டால், அந்த நேரத்தில் முடியாது என்பவர்கள் குறைவு. எட்டரை மணிக்கு இடியாப்பம். பத்து மணிக்குள் நடை முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் இதைவிடச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரைக்கும் வருகிறது.

வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்துங்கள். நாற்பது இருக்கை வண்டி கானாடுகாத்தான் தெருக்களில் திரும்பும்போது திண்ணை ஓரங்களை இடிக்கிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஆட்டோ பேசிவிடுங்கள், ஊர்ப் பையன்களுக்கும் நாலு காசு கிடைக்கும். வெளியூர் வழிகாட்டியோடு உள்ளூரில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த ஊரின் கதையைச் சொல்லத் தெரிந்த படித்த பிள்ளைகள் இங்கே வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற தை மாதத்துக்கான பயணத் திட்டங்களை நீங்கள் இப்போது எழுதிக்கொண்டிருப்பீர்கள். அதில் ஒரே ஒரு குழுவுக்காவது இந்த இரவையும் இரண்டு நடைகளையும் சேர்த்துப் பாருங்கள். முன்னதாக உங்கள் ஆள் ஒருவரை அனுப்பினால், வழிகளையும் சொல்லிவைக்க வேண்டிய வீடுகளையும் நடந்தே காட்டிவிடுகிறேன். செவ்வாய்ப் பொங்கலை ஒட்டி வருவதாக இருந்தால் தங்குமிடத்துக்கு மார்கழியிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வாரம் பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வருவார்கள், அறை கிடைப்பது கஷ்டம்.

அன்புடன்,
காரைக்குடிவாசி ஒருவன்